உயிர் தப்பியபின்: மைக்கேல் ரோசனின் நூல்கள் பற்றி ஒரு நோக்கு

நோயைப் பொருளாகக் கொண்டெழுந்த கதைகளிலும் கவிதைகளிலும் பெரும்பாலும் இரண்டு முடிவுகளையே நாம் காண்கிறோம். ஒன்றில் நோயாளி இறந்துபடுகிறான். அன்றேல் குணமடைந்து வீடு திரும்புகிறான். முதலாவது முடிவு வாசகனின் கண்ணீரை வேண்டி நிற்பது. இரண்டாவது அவனுக்கு ஆறுதல் கூறி அனுப்பி வைப்பது. இவ்விரண்டுக்கும் இடையிலே மூன்றாவது நிலையொன்று உண்டு. வைத்தியசாலை ஏட்டில் 'குணமடைந்தவர்' என்று பதியப்பட்டவன், தன் வீட்டு மாடிப்படியிலே ஏறமுடியாது நிற்கிறான். அவனது வாழ்க்கை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீள்வது. அதிலே திடீர்த் திருப்பங்கள் இல்லை. உச்சக்கட்டம் என்று சுட்டத்தக்க சம்பவமும் இல்லை. ஆதலாற் போலும், எழுத்தாளர் பலர் அதனைக் கதைக்குரிய பொருளாகக் கருதவில்லை. காதலும் போரும் பொறாமையும் இலக்கியத்தின் தலையாய பொருள்களாக விளங்க, நோய்க்கு அவ்விடம் கிட்டாதது விந்தையே என்று வேர்ஜீனியா வுல்ஃப் 1926-ம் ஆண்டில் ஒரு கட்டுரையிற் குறிப்பிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்குறை முற்றாக நீங்கிவிட்டதென்று கூறுவதற்கில்லை.

2020-ம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று இம்மூன்றாவது நிலையிலுள்ள மக்களின் தொகையைப் பெருக்கியது. சுவாச இயந்திரத்தின் துணையோடு வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்து உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர். தீவிர சிகிச்சை பெற்று மீண்டோரிடம் எஞ்சும் உடற்பலவீனம், ஞாபகக் குறைவு, மனக்கலக்கம் ஆகியவற்றை ஒருங்கே குறிப்பதற்கு வைத்தியத்துறையினர் 2010-ம் ஆண்டளவிலேயே ஒரு பெயரை வகுத்துக்கொண்டனர். தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடக்கும் நோயாளியின் தொடைத்தசை பத்தே நாட்களில் நூற்றுக்கு 18 பங்கு அளவிற்கு மெலிந்துவிடுகிறது என்று லண்டனில் நடத்தப்பெற்று 2013-ல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பத்து நாட்களுக்கு இவ்வளவென்றால் நாற்பது நாட்களின் கதி யாது? இக்கேள்விக்கு வைத்தியர்கள் தரும் விடை எண்களில் அமைவது. இலக்கியகர்த்தா ஒருவன் தந்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைக்கேல் ரோசன் ஆங்கிலக் குழந்தை இலக்கியத்தில் நன்கு அறியப்பட்ட பெயர். 1989-ல் வெளிவந்த, கரடி வேட்டைக்குப் புறப்படும் குடும்பத்தைப் பற்றிய அவரது படநூல் பல நாடுகளிலும் பிள்ளைகளின் கையில் உள்ளது. 2007 முதல் 2009 வரை அவர் பிரித்தானியாவின் 'பிள்ளைகள் இலக்கிய அரசவைப் புலவர்' என்னும் பதவியை வகித்தார். ஆயினும் அவரை வெறும் வேடிக்கைப் பாட்டுக்காரராக எண்ணிவிடலாகாது. 1946-ல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவரது பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். 1957 வரை கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராயிருந்தவர்கள். தொழிலாளர் பிள்ளைகளின் பேச்சுமொழிக்கு வகுப்பறையில் மதிப்புத் தேடித் தருவதையே தம் பணியாகக் கொண்டவர் தந்தை ஹரல்ட் ரோசன். மகனின் எழுத்து நடைக்கு ஊற்று எங்குள்ளது என்பதை இது காட்டும். பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் 60-ம் ஆண்டு நிறைவையொட்டி 2008-ல் அவர் எழுதிய கவிதையொன்றும் நினைக்கத்தக்கது. ஆட்சியாளரையோ பெரும் வைத்திய நிபுணரையோ அது போற்றவில்லை. தொட்டு, தூக்கி, துடைத்து, கட்டுப்போடும் கைகளையே அது பாடிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் அக்கைகளிலேயே அவர் ஒப்படைக்கப்பட்டார். 2020 மார்ச்சில் ரோசன் நோயுற்றார். குடும்ப நண்பரான வைத்தியர் ஒருவர் வந்து சோதித்தபோது இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 58 ஆக இருந்தது. நலமான ஒருவருக்கு அது 95-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். வட லண்டனிலுள்ள விற்றிங்டன் வைத்தியசாலையில் 48 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடந்தார். அவற்றுள் ஏறத்தாழ 40 நாட்கள் மருந்தினால் நினைவிழக்கச் செய்யப்பட்டிருந்தார். விழித்தெழுந்தபோது இடக்கண்ணின் பார்வையில் பெரும்பகுதியும் இடக்காதின் கேள்வியில் பெரும்பகுதியும் போயிருந்தன, கால்விரல்கள் மரத்திருந்தன, எழுந்து நிற்கவும் தெரியாதிருந்தது. பின்னர் புனர்வாழ்வு வைத்தியசாலையொன்றில் நடைபழகி, யூன் மாதத்தில் வீடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 74.

இவ்வனுபவத்திலிருந்து பிறந்தவை மூன்று நூல்கள். 'மெனி டிஃபரண்ட் கைண்ட்ஸ் ஒவ் லவ்' - பலவகைப்பட்ட அன்புகள் - என்னும் நூல் 2021 மார்ச்சில் வெளியாயிற்று. 'வாழ்வும் மரணமும் தேசிய சுகாதார சேவையும் பற்றிய கதை' என்பது அதன் துணைத்தலைப்பு. அதே ஆண்டிற் சிறுவருக்காக எழுதப்பட்டது 'ஸ்ரிக்கி மக்ஸ்ரிக்ஸ்ரிக்'. தமக்கு நடக்கக் கற்பித்த கைத்தடிக்கு அவர் சூட்டிய செல்லப்பெயர் அது. மூன்றாவது, 2023-ல் வந்த 'கெற்றிங் பெற்றர்' என்னும் கட்டுரை நூல். இவற்றுள் முதலாவதே நமது கவனத்திற்கு முதன்மையாக உரியது.

ரோசன் எதிர்நோக்கிய இலக்கியப் பிரச்சினை சாதாரணமானதன்று. தன் கதையைத் தானே சொல்ல முற்படும் ஒருவனுக்கு அக்கதையின் நடுப்பகுதி தெரியாது. நாற்பது நாட்கள் அவன் இருந்தான். ஆனால் அங்கே இருக்கவில்லை. தனிமனித அகவுணர்வையே இலக்கியத்தின் ஊற்றெனக் கொள்ளும் எழுத்தாளனாயின், இவ்வெற்றிடத்தைக் கனவுகளாலும் பிரமைகளாலும் நிரப்பியிருப்பான். மரணத்தின் வாயிலிற் கண்ட ஒளி என்று ஏதேனும் தத்துவம் பேசியிருப்பான். ரோசன் அவ்வாறு செய்யவில்லை. அவ்வெற்றிடத்தை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். நூலின் முற்பகுதியில் அவரது மனைவி எம்மா-லூயிஸ் வில்லியம்ஸ் உறவினருக்கு எழுதிய செய்திகள் உள்ளன. அதனைத் தொடர்ந்து, அவரது படுக்கையருகே வைக்கப்பட்டிருந்த நாட்குறிப்பேட்டில் தாதியரும் ஏனைய ஊழியரும் எழுதிய கடிதங்கள் வருகின்றன.

இந்நாட்குறிப்பு பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்காக அன்றாடம் நிகழ்வதை எழுதிவைத்தல் ஸ்கந்திநேவிய நாடுகளில் தொடங்கிப் பிற நாடுகளுக்குப் பரவிய வழக்கம். விழித்தெழுபவன் இழந்த நாட்களை ஓரளவேனும் திரும்பப் பெறுதற்கு அது உதவுகிறது. உறவினர் நோயாளியை அண்ட முடியாதிருந்த 2020-ல் அவ்வேடு வேறொரு பொருளையும் பெற்றது. எழுதியவர்களிற் பலர் தொழில்முறைத் தீவிர சிகிச்சைத் தாதியரும் அல்லர். நெருக்கடியின்போது வேறு பணிகளிலிருந்து அங்கு அனுப்பப்பட்டவர்கள். இரவுப்பணி முடியும் தறுவாயில், களைத்த கையால், தம்மை அறியாத ஒருவருக்கு அவர்கள் எழுதுகிறார்கள். கையைப் பற்றிக்கொண்டிருந்ததை எழுதுகிறார்கள். மே மாதத்தில் அவரது பிறந்தநாளன்று பாடியதை எழுதுகிறார்கள். இக்கடிதங்களில் அலங்காரம் இல்லை. ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. திறனாய்வாளர் சிலருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் வேறொரு கை எழுதியிருக்கிறது என்பதை உணர்ந்து படிக்கும்போது, அம்மீள்வரவே நூலின் பொருளாகிவிடுகிறது. ஓர் உயிரைக் காப்பாற்றுதல் ஒரு மேதையின் செயலன்று. முறைவைத்து மாறி மாறி நிற்கும் பலரது உழைப்பின் விளைவு. அதனை எடுத்துரைக்கும் நூலும் பலரால் எழுதப்பட்டிருப்பதே பொருத்தம். உருவம் உள்ளடக்கத்தினின்று பிறப்பது என்று நாம் அடிக்கடி சொல்வதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

உண்மையில், தீவிர சிகிச்சை என்னும் முறையின் பிறப்பே இக்கூட்டுழைப்பிற் தங்கியிருந்தது. 1952-ல் கொப்பன்ஹேகன் நகரிற் பரவிய இளம்பிள்ளைவாத நோய் சுவாசத்தசைகளைச் செயலிழக்கச் செய்தது. அதுவும் வைரசினால் விளைந்த நோயே. பிளெக்டாம் வைத்தியசாலையில் அப்போதிருந்த இயந்திரங்களை நம்பிச் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அந்நிலையில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், தொண்டையிற் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் முறையைப் புகுத்தினார். போதிய இயந்திரங்கள் இல்லை. ஆகவே ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து வந்து, இரவும் பகலும் நோயாளியின் அருகே அமர்ந்து, மூச்சுக்கு மூச்சு அப்பையை அமுக்கினர். இறப்புவீதம் பாதிக்கும் கீழே குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளெல்லாம் அம்மாணவர்களின் கைகளிலிருந்து தோன்றியவை எனின் மிகையன்று. 2008-ல் ரோசன் கைகளைப் பாடியது கவிஞனின் வெறும் கற்பனையன்று. வைத்திய வரலாற்றின் யதார்த்தமும் அதுவே.

நூலின் பிற்பகுதி ரோசன் தாமே எழுதிய சிறு சிறு வசன கவிதைகளால் ஆயது. எதுகை இல்லை, உவமைகள் அரிது. சில ஒரு பக்கத்திலும் குறைந்தவை. வைத்தியர் தம்மைத் தூங்கவைக்கச் சம்மதம் கேட்டதும், விழித்தெழும் வாய்ப்புப் பாதிக்குப் பாதியே என்றதும், மறுத்தால் வாய்ப்பே இல்லை என்றதும் ஓர் உரையாடலாக வருகின்றன. அவ்விடத்தில் அவர் உணர்ச்சியைக் கொட்டவில்லை. கடைக்காரனிடம் விலை விசாரிப்பவன் போன்ற தொனியிலே கேட்கிறார்; அதனாலேயே நம் நெஞ்சு நடுங்குகிறது. பின்னர் கட்டிலின் விளிம்பில் உட்காருதல், நிற்றல், கம்பிகளைப் பற்றி நடத்தல், கழிப்பறைக்குத் தனியே போதல், மாடிப்படி ஏறுதல் ஆகியன ஒவ்வொன்றும் தனித்தனியே பதியப்படுகின்றன. இயன்மருத்துவரின் கட்டளைகளை எதிர்கொள்ளும் கிழவனைப் பார்த்து அவர் சிரிக்கவும் செய்கிறார். சுயபச்சாதாபத்தை அடக்குவதற்கு அவர் கையாளும் கருவி இச்சிரிப்பே.

வைத்தியத்துறை 'முன்னேற்றம்' என்று ஒரே நேர்கோடாக வரைவதை ரோசன் அவ்வாறு காணவில்லை என்பது முக்கியமானது. கால் வலுப்பெற்று வருகிறது. கண்ணும் காதும் வருவதில்லை. ஒரே உடலில் ஓர் உறுப்பு மீள்கிறது. மற்றோர் உறுப்பு மீளாது நிலைத்துவிடுகிறது. 'குணமடைந்தீர்களா?' என்னும் சம்பிரதாயக் கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் விடையளிக்க முடியாத நிலையினை அக்கவிதைகள் பொறுமையோடு தீட்டுகின்றன. முதலிற் குறிப்பிட்ட மூன்றாவது நிலைக்கு இலக்கியத்தில் இடம் தேடித் தந்தமையே ரோசனின் சாதனை எனலாம்.

நிற்க. இந்நூல்களின் வரையறைகளையும் எடுத்துரைப்பது விமரிசகனின் கடமை. அவ்வாறன்றிப் பாராட்டோடு நின்றுவிடின், ரோசன் உயர்த்திப் பிடித்த மக்களுக்கே நாம் அநீதி இழைத்தவராவோம்.

முதலாவது, தலைப்பிலேயே உள்ள 'அன்பு' என்னும் சொல். ஊழியரின் செயலை அன்பு என்று அழைப்பது நெகிழ்ச்சி தருவது. ஆனால் அச்சொல்லை ஆளும் வர்க்கமும் விரும்புகிறது என்பதை மறத்தலாகாது. 2020 மார்ச் 26 முதல் பத்து வாரங்கள், வியாழக்கிழமை மாலைகளில், பிரித்தானிய மக்கள் வாயிலில் நின்று சுகாதார ஊழியருக்காகக் கைதட்டினர். அமைச்சர்களும் கூட நின்று கைதட்டினர். மறு ஆண்டு மார்ச்சில், ரோசனின் நூல் வெளிவந்த அதே மாதத்தில், அவ்வரசாங்கமே அத்தாதியருக்கு நூற்றுக்கு 1 பங்கு சம்பள உயர்வு போதுமென்று முன்மொழிந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் யூலையில் அது 3 ஆக்கப்பட்டது. 2022 டிசம்பரில் தாதியர் ஆயிரமாயிரமாய் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். படுக்கையருகே கடிதம் எழுதிய கைகளே மறியற்பலகையையும் ஏந்தின. உழைப்பை உழைப்பென்று அழையாது அன்பென்று மட்டும் அழைத்தால், அன்புக்குக் கூலி எதற்கு என்று கேட்பார் தோன்றுவர். ரோசன் இதனை அறியாதவர் அல்லர். தொற்றை மக்களிடையே பரவவிட்டு எதிர்ப்பாற்றல் பெறலாம் என்று 2020 மார்ச்சில் எழுந்த பேச்சைப் பகிரங்கமாகக் கண்டித்து வந்தவர் அவர். ஆயினும் கண்டனக் குரலின் கூர்மை, நன்றிக் குரலின் இனிமைக்கு முன்னால் நூலில் மங்கிப்போகிறது. சாவின் வாயிலிருந்து மீட்கப்பட்டவன் முதலில் நன்றி கூறுவது இயல்பே. நூல் ஏன் அப்படி அமைந்தது என்பதை அது விளக்குமேயன்றி, வாசகன் அங்கேயே நின்றுவிடுவதற்கு நியாயமாகாது.

இரண்டாவது, மீட்சியின் பொருளாதாரம். ரோசனுக்கு வீடு உண்டு, வாசகர் உண்டு, இழந்த நாட்களையே எழுத்தாக்கும் தொழிலும் உண்டு. லண்டனில் அவ்வாண்டு தொற்றுக்குப் பலியானோரில் பஸ் சாரதிகளும் காவலாளிகளும் மிகுதி; உயிர் தப்பியோரிலும் அத்தகையோர் பலர். ஒரு கண்ணில் பார்வை குன்றிய எழுத்தாளன் தொடர்ந்து எழுதலாம். ஒரு கண்ணில் பார்வை குன்றிய பஸ் சாரதி நாளை எங்கே போவான்? நோய் எல்லோரையும் சமமாகத் தாக்குகிறது என்பது பாதி உண்மையும் அன்று. மீட்சியோ அதனிலும் பன்மடங்கு வர்க்கச் சார்புடையது. இக்கேள்வி ரோசனின் பக்கங்களில் நிழலாக உள்ளதேயன்றிப் பாத்திரமாக நடமாடவில்லை.

மூன்றாவது, கைத்தடியின் கதை. டொனி ரொஸ் சித்திரம் தீட்டிய அச்சிறுவர் நூல் பள்ளிகளில் விரும்பிப் படிக்கத்தக்கது. ஊனத்தைக் காட்டும் பொருளை வெட்கத்துக்குரியதாக அன்றி நண்பனாகப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது சிறிய காரியமன்று. ஆனால் கதையின் போக்கு தள்ளுவண்டியிலிருந்து நடைச்சட்டத்துக்கும், அதிலிருந்து தடிக்கும், அதிலிருந்து தடியின்றி நடத்தலுக்கும் ஏறிச் செல்கிறது. ரோசனின் வாழ்வில் நிகழ்ந்தது அதுவே. அதனைக் குறைகூற இயலாது. ஆயினும் தடியைக் கீழே வைக்கவே முடியாத பிள்ளை ஒருத்தி அந்நூலைப் படிக்கும்போது, வெற்றி தன்னை விட்டு விலகி நிற்பதாக உணர்தல் கூடும்.

இங்கே 1952-ன் நோயாளிகளை மீண்டும் நினைத்தல் தகும். இளம்பிள்ளைவாதத்திலிருந்து உயிர் தப்பிய தலைமுறையே பின்னர் ஊனமுற்றோர் உரிமை இயக்கத்திற்குப் பல தலைவர்களை ஈந்தது. பதினான்காம் வயதில் அந்நோய்க்காளாகி, இரும்புச் சுவாசக்கூண்டிலே இரவைக் கழித்த எட் ரொபர்ட்ஸ், 1962-ல் பேர்க்லி பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, மாணவர் விடுதியில் தமக்கு இடமில்லையெனின் வைத்தியசாலைக் கட்டிடத்தையே விடுதியாக்கிக்கொண்டு படித்தார். 1976-ல் பிரித்தானியாவில் ஊனமுற்றோரின் அமைப்பொன்று, உடலில் உள்ள குறை வேறு, இயலாமை வேறு என்று வகுத்துக் காட்டிற்று. கால் நடவாமை உடற்குறை. படிக்கட்டை மட்டுமே கட்டிவைத்து அவனை வெளியே நிறுத்துவது சமுதாயம் படைத்த இயலாமை. இந்நோக்கிற் பார்த்தால், மீட்சி என்பது நோயாளியின் தசையில் மட்டும் நிகழ்வதன்று. தெருவிலும் தொழிற்சாலையிலும் பாடசாலையிலும் நிகழவேண்டியது. ரோசன் உடலின் மீட்சியை எழுதினார். சமுதாயத்தின் மீட்சியை எழுதும் பணி மீந்திருக்கிறது.

அப்பணி நமக்கும் உரியது. 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை உடைய நாடு நமது. அவ்வுரிமையின் அருமையை உணர்ந்த நாம், அது பெரும்பாலும் வைத்தியசாலை வாயிலோடு முடிந்துவிடுவதையும் உணர்தல் வேண்டும். அதற்கப்பால் நோயாளியைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் தாய், மனைவி, மகள் ஆகியோரின் கூலியற்ற உழைப்பு. ஊனமுற்றோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996-ல் நிறைவேறிற்று. பொதுக் கட்டிடங்களுக்கு அவர்கள் செல்ல வசதி வேண்டுமென்னும் ஒழுங்குவிதிகள் 2006-ல் வந்தன. ஆயினும் நமது பாடசாலைகள் பலவற்றில் மேல்மாடி வகுப்புக்குச் செல்லப் படியன்றி வேறு வழி இல்லை என்பதை ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நமது எழுத்தாளர்கள் ரோசனிடமிருந்து கற்கத்தக்கது அவரது நகைச்சுவையையோ வசன கவிதை வடிவத்தையோ அன்று. வேறு நாட்டு வடிவத்தை அப்படியே பெயர்த்து நடுவதால் பயனில்லை. கற்கத்தக்கன இரண்டு. ஒன்று, கதை முடிந்துவிட்டதென்று எல்லோரும் எழுந்து போகும் இடத்திலே அமர்ந்திருந்து, மெல்ல நிகழ்வதைக் கவனிக்கும் பொறுமை. மற்றொன்று, தன் அனுபவத்தின் மீது தனக்கே முற்றுரிமை உண்டென்று எண்ணாது, தன்னைத் தாங்கிய கைகளுக்கும் பேனாவைக் கொடுக்கும் பெருந்தன்மை. இவ்விரண்டோடு அவர் விட்டுச் சென்ற கேள்விகளையும் - கூலி, வேலை, படிக்கட்டு - நம் எழுத்தாளர்கள் சேர்த்துக்கொள்வார்களாயின், வீடு திரும்பிய நோயாளியும் அவனைத் தாங்கும் பெண்ணும் முதன்முறையாக முழுமையான மனிதர்களாக நம் கதைகளிற் தோன்றுவர். அத்தகைய கதைகள் வெளிவரும்போது அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் இவ்விதழின் வாசகர்களே.